கடைசி அடியில் வந்த பெயர்

மல்வேர்ன்,
நவம்பர் 9

அன்பு மகள் ஜூலிக்கு,

மடுமாதாவின் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகமாயிருக்கிறோம், பெர்த்தில் நீயும் மருமகனும் பச்சைப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலை சொல்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. குளிர் தொடங்கிவிட்டது, நான் ஹீற்றரைக் கூட்டினால் அவர் குறைக்கிறார், கதவை அரைக்கணம் திறந்து வைத்தாலும் தெருவைச் சூடாக்குகிறேன் என்று சத்தம் போடுகிறார். பிள்ளையைக் குளிக்கவார்த்தால் உச்சியை நன்றாகத் துவட்டிவிடு, உங்கள் ஊர் வெயிலில் கொண்டுதிரியாதே. போன கிழமை நீ போனில் கேட்டாயே, சின்னவயதில் உன்னைத் தூங்கவைக்க நான் முனகும் மெட்டைப் பதிந்து அனுப்பச் சொல்லி. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்தேன். அது பொய், அன்று எனக்கு லீவு. போனில் சொன்னால் இடையில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வீட்டுக்குப் போய்ப் பராமரித்த ஹபீப் சாகிப்பைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், மோர்னிங்சைட்டில் ஒன்பதாம் மாடி, எண்பத்தெட்டு வயது, பம்பாய்ப் படங்களுக்குப் பாட்டெழுதிய உருதுக் கவிஞர். செப்டெம்பரில் காலமாகிவிட்டார். மகா பிடிவாதக்காரர். மருந்தை நீட்டினால் முதலில் என் கவிதையைக் கேள் என்பார், எனக்கு உருது விளங்காது என்றால், அதுதான் நல்லது, நீ பிழை பிடிக்கமாட்டாய் என்பார். சினிமாவில் மெட்டுத்தான் முதலில் வருமாம், அதற்குள் இவர் சொல்லை உட்காரவைக்க வேண்டுமாம். உட்கார வைப்பதற்கு முன் கட்டம் என்ன, யார் யாருக்குப் பாடுகிறார் என்று கட்டாயம் கேட்பாராம். அவர்களுடைய கஸல் கவிதையில் கடைசி அடியில் கவிஞன் தன் பெயரை வைப்பது வழக்கம், சினிமாப் பாட்டில் அதற்கு இடமில்லை, கதாநாயகன் வாயில் என் பெயர் எப்படி வரும் என்று சிரிப்பார். சிரித்தாலும் அந்தக் குறை அவருக்கு இருந்தது.

ஒருநாள் அவர் வீட்டில் கோப்பை கழுவும்போது அந்த மெட்டை முனகியிருக்கிறேன், எனக்கே தெரியாது. உடனே கட்டம் என்ன என்று கேட்டார். ஒரு தாய் பிள்ளையைத் தூங்கவைக்கிறாள் என்றேன். பிறகு என்றார். பிறகென்ன, விடிய எழும்பும் என்றேன். அந்தப் பொய்யை நம்பி மனிதர் மூன்று கிழமை எழுதினார். பால் சூடாயிருக்கிறது, குருவிகள் வந்துவிட்டன, எழும்பு கண்ணே எழும்பு என்று முடியும் பாட்டு என்று எனக்குப் பொருள் சொன்னார். இது படமில்லைத்தானே, என்னை யார் தடுப்பது என்று கடைசி அடியில் தன் பெயரையும் வைத்துவிட்டுச் சின்னப்பிள்ளைபோல் மகிழ்ந்தார். எனக்குத் தாங்கவில்லை, கட்டிலோரத்தில் இருந்து உண்மையைச் சொல்லிவிட்டேன்.

ஜூலி, உனக்கு முன் எனக்கு ஒரு மகன் இருந்தான். அன்ட்ரூ. தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளத்தில் போனோம், அவனுக்குப் பதினான்கு மாதம், உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. நேவிக்குக் கேட்டுவிடும், ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்றார்கள், அதனால் வாயை மூடிக்கொண்டே முனகினேன். அந்த மெட்டு அப்படி வந்ததுதான், அதற்குச் சொல் இருந்ததில்லை. கரை தட்டியபோது விடிந்திருந்தது, அவன் எழும்பவில்லை. தூங்கு தூங்கு என்று நான்தானே தூங்கவைத்தேன். அன்றிலிருந்து அப்பா அவன் பெயரைச் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை, உனக்கும் சொல்லாமல் விட்டோம். நீ பிறந்தபோது அதே மெட்டுத் தானாக வந்தது. நீ தூங்கினால் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன், வளர்ந்த பிறகும் வைக்கிறேன் என்று எத்தனை தரம் கோபித்தாய்.

சாகிப் அவன் பெயரை மட்டும் கேட்டார். இரண்டு நாள் கழித்துப் போனபோது கட்டில் வெறுமையாகக் கிடந்தது. அவர் தன் குரலில் பதிந்துவைத்த பாட்டை அவருடைய மகள் என் போனுக்கு அனுப்பினாள். எழும்பு என்பதை அவர் வெட்டவில்லை. கடைசி அடியில் தன் பெயரை எடுத்துவிட்டு அன்ட்ரூ என்று வைத்திருந்தார். அதன் பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்தால் அந்தக் குரல், மூடினாலும் அந்தக் குரல். அவன் உண்மையாகவே எழும்பி வந்து ஏனம்மா என்னை அந்தக் கரையில் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று பயந்து பயந்து இருந்தேன்.

நேற்று உனக்கு அனுப்புவதற்காக அதைப் போட்டேன். அப்பா ஹாலில் ரீவி பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு உருதில் ஒரு சொல்லும் தெரியாது. கடைசி அடி வந்ததும் ரீவி நின்றது. ஆர் அவனைக் கூப்பிட்டது என்று கேட்டார். அவர் எழுந்துபோய் வாசல்கதவை அகலத் திறந்துவிட்டு அங்கேயே நின்றார், குளிர் வீடு முழுக்க வந்தது, அவரும் மூடவில்லை, நானும் மூடச் சொல்லவில்லை.

பாட்டு உன் போனுக்கு வரும். தூங்கவைக்கப் பாடாதே மகள், பிள்ளை விடியக் கண் முழித்த பிறகு பாடு, அந்தப் பெயரை மாற்றாதே. தூங்கும்போது பிள்ளையின் மூக்கடியில் விரல் வைக்காதே, அது என்னோடு போகட்டும். மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

உனக்கும் அன்ட்ரூவுக்கும் அம்மா,
வேரோனிக்கா