அப்பா கையில் இருந்த பந்து

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல, அவருக்குக் கை கொடுக்கும் உன் தம்பி வால் எழுதுவது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறைக் குழாய் கடந்த செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தேகால் மணி அளவில் தன் சொட்டுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றது. பதினோரு மாதமாக ஒழுகியும் ஒழுக்கம் வராத அந்தக் குழாயைத் திருத்தியவன் அடியேன். குழாய்க்காரர் இரண்டு முறை வந்து தோற்றுப்போன வேலை அது. மாலை மரியாதை எல்லாம் வேண்டாம், மனதுக்குள் கைதட்டினால் போதும். மற்றபடி இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனாவை வைத்தேன், அப்பா இடது கையை ஆட்டி வேண்டாம் என்றார். ஆகவே உன் நலத்தை மட்டும் விசாரித்துக்கொள்கிறோம். ஈரத்தலையோடு படுக்காதே, வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டை விடாதே என்று அம்மா பள்ளிக்கூட அலுவலகத்துக்குக் கிளம்பும்போது வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போனாள். எழுதிவிட்டேன், என் மேல் பழி இல்லை.

அப்பா பக்கவாதத்தில் விழுந்து இன்றோடு நூற்று முப்பத்து நான்கு நாள். வலது பக்கம் இன்னும் வேலைநிறுத்தத்தில்தான் இருக்கிறது, பேச்சுவார்த்தையும் சரியில்லை. ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் நான் ஒரு தோசை வேகும் நேரமாவது கோபப்படுகிறேன், பிறகு அவர் முகத்தைப் பார்த்து அடங்கிவிடுகிறேன். கைக்குப் பயிற்சி கொடுக்க மருத்துவமனையிலிருந்து வரும் பயிற்சி அம்மா பஞ்சுப் பந்தைத்தான் கொடுத்தார். அப்பா அதைத் தொடக்கூட மாட்டேன் என்று அடம்பிடித்து, கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழு விக்கெட் எடுத்த நாளின் பந்துதான் வேண்டுமாம். நாட்டுக்காக ஆடியதே பதினொரு ஆட்டம், அதில் அந்த ஒரு மாலையில் மட்டும் ஏழு பேர். அடுத்த வருடமே அணிப் பட்டியலில் பெயர் இல்லை என்பதைச் செய்தித்தாளில், அதுவும் முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு உட்கார்ந்து படித்தாராம். அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் மருந்துக் கிடங்கில் பெட்டி எண்ணியவர். அந்தப் பந்தை எடுத்துக் கையில் வைத்தோம், உருண்டு விழுந்தது. தினமும் வைத்தோம், தினமும் விழுந்தது. ஆனாலும் விடவில்லை. நீ வருவதாகச் சொன்ன பதினெட்டாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, இடக்கையால் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளையும் அடித்துக்கொண்டே வந்தார். நீ வாசலில் நிற்கும்போது பந்தைப் பிடித்துக் காட்ட வேண்டுமாம். அதை எனக்குச் சொல்லி முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆனது.

அப்புறம்தான் என் பயிற்சியில் முன்னேற்றம் வந்தது என்று போன கடிதத்தில் பீற்றிக்கொண்டு அந்தப் புகைப்படத்தை அனுப்பினேன். அப்பா ஜன்னலோர நாற்காலியில், மடியில் வலது கை, கையில் பந்து. நீ ஃபோனில் அழுதுகொண்டே சிரித்தாய். அப்பா தேறிவிட்டார், இனி பயமில்லை, எடுத்த வேலையை முடித்துவிட்டு அடுத்த வருடம் நிதானமாக வந்து ரெண்டு மாதம் இருக்கிறேன், டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன் என்றாய். ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன், அப்பாவுக்கும் கேட்டது. மறுநாள் காலை நாட்காட்டியில் கோடு விழவில்லை. அதற்கு அடுத்த நாளும் விழவில்லை. பேனாவை எடுத்துக் கொடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்குவதில்லை. பயிற்சி அம்மா போன வியாழக்கிழமை பையை மூடிக்கொண்டே, இனி வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார். போதும் என்ற சொல் இவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நம் அம்மா கதை இதைவிட மோசம். அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில்தான் அப்பா பிடித்தார் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். அதனால் தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றியதும் பந்தை எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்கிறாள். விழுகிறது. எடுத்து வைக்கிறாள். விழுகிறது. நேற்று என்னிடம், நான் குடுத்தா பிடிக்க மாட்டேங்கிறாருடா, என்மேல ஏதோ கோவம் போல, நீயே குடு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் காய்ந்த பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் வந்தார்கள். பதினொரு பேரில் நடமாட்டத்தில் இருப்பது இப்போது இவர்கள்தான். ஒருவர் புயல். அந்தக் காலத்தில் அவர் பந்தோடு ஓடி வந்தால் எதிரே நிற்பவன் ஒதுங்குவானாம். இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார், தெருவே ஒதுங்குகிறது. இன்னொருவர் விக்கெட் கீப்பர் கோந்து மாமா, பந்து அவர் கையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வந்த பெயர். பத்து விரலும் பத்துத் திசையைக் காட்டும், கை குலுக்கினால் சாவிக்கொத்தைப் பிடித்த மாதிரி இருக்கும். நாள் முழுக்க நின்று ஆடிய தொடக்க ஆட்டக்காரர் பேருந்தில் நிற்க முடியாமல் வெளியே வருவதையே விட்டுவிட்டார் என்றும், கேப்டனுக்கு யார் பெயரும் நினைவில்லை, எதிரணிக்காரர் பெயர் மட்டும் சொல்கிறார் என்றும் புயல் சொல்லிக்கொண்டிருந்தார். சிரிக்கத்தான் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை. அம்மா பெருமையாக அந்தப் புகைப்படத்தின் இன்னொரு பிரதியை எடுத்துவந்து காட்டினாள். கோந்து மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நல்லாருக்கும்மா என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, செருப்பைப் பார்த்துட்டு வரேன் என்று என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காதைப் பிடித்தார். டேய், பதினாலு வருஷம் அந்தக் கையைப் பாத்துத்தான் நான் எந்தப் பக்கம் நகரணும்னு முடிவு பண்ணுவேன், தையல் மேல ரெண்டு விரலையும் நேரா நிறுத்துறது வேகமாப் போடுறவன் பிடி, உங்கப்பன் சுழல் போடுறவன், செத்தாலும் அப்படிப் பிடிக்க மாட்டான், யாருடா வச்ச விரல் அது என்றார்.

அவர் உள்ளே போய் அப்பா எதிரில் தரையில் உட்கார்ந்தார். அந்தக் கோணல் விரல்களால் அப்பாவின் மூன்றாவது விரலை மடக்கித் தையலோடு அணைத்து, கட்டைவிரலைச் சும்மா சாய்த்து வைத்து, பந்தைச் சரியான பிடியில் பொருத்தினார். அப்பா முகம் ஒரு கணம் விளக்கு போட்ட மாதிரி ஆனது. மாமா மெதுவாகத் தன் கையை எடுத்தார். பந்து விழுந்தது. பிடிக்கப் பாய்ந்தார், தவறிவிட்டார், அது அலமாரிக்கு அடியில் போய்விட்டது. அப்பாவின் பந்தை அவர் விட்டு யாரும் பார்த்ததில்லையாம். அலமாரிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் தேடினார். பந்து அலமாரிக் காலருகிலேயே தெரிந்தது. முதுகு குலுங்கியதால் நாங்கள் யாரும் சொல்லவில்லை.

அக்கா, இனி அப்பா சொல்வது இல்லை, நான் சொல்வது. அப்பா கையில் பந்தை நிற்க வைத்தது தோல் நிறத்தில் இருக்கும், காயத்துக்கு ஒட்டும் மருந்துப் பட்டை. உள்ளங்கைப் பக்கம் மூன்று சுற்று, விரலுக்கு ஒன்று, வெளியே தெரியாமல். உன்னைச் சந்தோஷப்படுத்தத்தான். சுற்றும்போது அப்பாவும் ஒரு பக்க வாயால் சிரித்தார், விளையாட்டு என்றுதான் நினைத்தார். நீ வரவில்லை என்றதும் என்னைப் பார்த்த பார்வையைத்தான் தாங்க முடியவில்லை. உனக்கு அந்தப் பிடியை ஆறு வயதிலேயே அவர் மாடிப்படியில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார், எனக்குப் பொறுமை இல்லையென்று விட்டுவிட்டார். அதனால்தான் விரலைத் தப்பாக வைத்தேன். புகைப்படத்தைப் பார்த்தபோது உனக்கு எதுவுமே தோன்றவில்லையா? தோன்றியும் நம்ப ஆசைப்பட்டாயா? நான் கேட்க முடியாது, தெரியும். அம்மாவிடம் இன்று சாயங்காலம் சொல்லிவிடுவேன், அவள் பந்தை எடுப்பதற்கு முன்னால். என்ன எழுதட்டும் என்று அப்பாவைக் கேட்டேன். வரச் சொல்லாத என்றார், அவ்வளவுதான் அவர் சொன்ன கடிதம். மீதி முழுக்க நான். நீ வா. அவர் கை திரும்பிவிடும் என்று நான் சொல்லமாட்டேன், திரும்பாது என்றுதான் பயிற்சி அம்மாவின் முகம் சொல்கிறது. அடுத்த வருடம் வரைக்கும் அவர் காத்திருப்பார் என்றும் சொல்லமாட்டேன்.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொள்கிறாள். அப்பா உன் தலையில் வைப்பதாக நினைத்து இடக்கையை இந்தத் தாள் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார், ஓரம் கசங்கியிருப்பது அதனால்தான். வரும் தேதி முடிவானதும் ஃபோனில் சொல், நாட்காட்டியில் புது வட்டம் போட வேண்டும். குழாயும் நேற்றிலிருந்து மறுபடி சொட்டுகிறது, அதையும் பட்டை சுற்றித்தான் நிறுத்தியிருந்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா

(கீழே இருப்பது மை கொட்டியது இல்லை, அப்பாவின் இடக்கைக் கையெழுத்து. போன நான்கு கடிதங்களில் இருந்த அழகான கையெழுத்து என்னுடையது. இது மட்டும் அவருடையது.)