போர்வை போர்த்தாத வண்டி

ஏனுங்க, அங்கேயாவது மூச்சு சீராக வருகிறதா?

தீபாவளி முடிந்து நான்கு நாளாகிறது. மராத்திக்காரர் ஊரான இந்த ஔந்தில் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் பால் வாங்கப் போக முடியவில்லை. இந்நேரம் நீங்கள் மோட்டார்சைக்கிளைத் தூங்கப்போட்டிருப்பீர்கள். குளிர்காற்றில் ஓட்டினால் இரைப்பு கூடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, தீபாவளிக்குப் படுக்கும் வண்டி சிவராத்திரிக்குத்தானே எழுந்திருக்கும்?

பெட்ரோலை வடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பாட்டரியைக் கழற்றி என் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைப்பீர்கள். அதற்காக வருடா வருடம் ஒரு சண்டை போடுவோம். கடைசியாக, எலி புகாமலிருக்க சைலன்சர் வாயில் பழைய சிவப்புத் துண்டைச் செருகுவீர்கள். எடுக்க மறந்துவிடக் கூடாதென்று அதன் நுனி வெளியே தொங்கும். பார்க்கிங் இருட்டில் பன்னிரண்டு வருடம் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவள் நான். டார்ச் மட்டும்தான் பிடிக்கிறேன் என்று நினைத்தீர்களா?

கடைசி வருடம் பள்ளியில் எனக்குப் பரீட்சை வேலை. நீங்கள் தனியாகவே செய்து முடித்தீர்கள். வண்டி போர்வைக்குள் இருந்தபோதே, ஜனவரியில், போய்விட்டீர்கள்.

காரியங்கள் முடிந்ததும் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த உங்கள் தம்பி மெதுவாகப் பேச்செடுத்தார்.

"அண்ணி, இதைய வெச்சுட்டு என்னங்க பண்ணப் போறீங்க? வித்துப்போடலாமுங்க."

"சிவராத்திரி வரைக்கும் பொறுங்க தம்பி. அன்னைக்கு நானே கெளப்பறேன். கெளம்பலீன்னா வித்துப்போடுங்க."

வீம்பாகத்தான் சொன்னேன். அப்புறம்தான் யோசித்தேன். உங்கள் சட்டைகளைக் கொடுத்தாயிற்று. இதுவும் போனால் வாசலில் எந்தச் சத்தத்துக்கு நான் காது கொடுப்பேன்?

சிவராத்திரி காலையில் தம்பியும் ஊரிலிருந்து மறுபடி வந்து நின்றார். போர்வையை எடுத்தேன். சைலன்சரில் சிவப்பு நுனி இல்லை. இந்த முறை துணி வைக்க மறந்துவிட்டீர்கள் போல என்று விட்டுவிட்டேன். சார்ஜ் செய்த பாட்டரியை மாட்டி, பெட்ரோல் ஊற்றி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உதைத்தேன். ஒரு தடவை இருமிவிட்டு அணைந்தது. இருபது முறையாவது உதைத்திருப்பேன்.

மூலைக்கடை மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "காக்கூ, இஞ்சின் உகடாவ லாகேல்" என்றார். இஞ்சினையே திறக்க வேண்டுமாம்.

அப்போதுதான் உறைத்தது. வண்டி இருமியபோது பின்னால் துளிப் புகைகூட வரவில்லை. சைலன்சருக்குள் விரலை விட்டேன். ஆழத்தில் துணி தட்டுப்பட்டது. மாடிக்கு ஓடி, அடுப்படி இடுக்கியை எடுத்து வந்து இழுத்தேன். உங்கள் நீலக்கட்டம் போட்ட கைக்குட்டை.

சிவப்புத் துண்டு மேலே அலமாரியிலேயே கிடந்தது. அதை எடுக்க மறுபடியும் இரண்டு மாடி ஏற உங்களால் முடியவில்லை. முடியவில்லை என்று என்னிடம் சொல்லவும் முடியவில்லை. அத்தனை ரோஷமா உங்களுக்கு?

அழுகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு உதைத்தேன். வண்டி எழுந்தது. பார்க்கிங் முழுக்க உங்கள் சத்தம். மெக்கானிக் என்னைக் கும்பிட்டார். "அண்ணனாட்டமே கெளப்பீட்டீங்க அண்ணி," என்றார் தம்பி. இல்லை, அண்ணியாட்டம்தான் கிளப்பினேன்.

இன்னொன்று கேளுங்கள். என் மொபெட் இப்போது நம் மகளிடம். இந்த ஊர்ப் பெண்களைப் போல முகத்தில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு நான் உங்கள் வண்டியில்தான் பள்ளிக்குப் போகிறேன். கியர் மாற்றும்போது கொஞ்சம் குதிக்கும். சிரிக்காதீர்கள்.

இந்தக் குளிரில் வண்டி தூங்காது. பதின்மூன்று வருடமாக நீங்கள் ஜன்னலுக்குள்ளிருந்தே பார்த்த டிசம்பர் காலைகள் எல்லாவற்றிலும் அதை நான் ஓட்டுவேன். துவைத்து மடித்த கைக்குட்டை என் கைப்பையில் கூடவே வரும். இது சத்தியம்.

இனி டார்ச் மட்டும் பிடிக்காத
உங்கள் மனைவி,
சரோஜா