கூடையில் இறங்கிய எண்

கெய்ரோ, ஏப்ரல் 2020

அன்புள்ள உங்களுக்கு,

போனில் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

ஊரடங்கில் எனக்கும் கீழ்வீட்டு நகிய்யா அக்காவுக்கும் ஒரே ரத்த அழுத்தக் கருவிதான். காலையில் அவர் கருவியைக் கயிறு கட்டிய பால்கனிக் கூடையில் வைக்க, நான் மேலே இழுப்பேன். அளந்து, எண்ணை உரக்கச் சொல்லி இறக்குவேன். பத்து நாளும் நூற்று முப்பது என்றேன்.

நேற்று அவர் சிரித்தார்: “ஏம்மா பேராசிரியை, உன் ரத்தம் என்ன அரசாங்க அறிவிப்பா, தினமும் ஒரே மாதிரி இருக்க? கடைசியா அளந்ததை மெஷின் ஞாபகம் வெச்சிருக்கும்!”

“பார்த்தீங்களா?”

“பத்து நாளா. நீயா சொல்வேன்னு இருந்தேன், பிடிவாதக்காரி. மாத்திரை பேரைச் சொல்லு, கடைக்குப் போன் போடறேன்.”

மாலையில் கூடையில் மாத்திரை வந்தது. கூடவே உப்புப் போக ஊறவைத்த பாலாடைக்கட்டி.

இங்கே விற்கும் மருந்தை நான் நம்பியதில்லை, தெரியுமே. குவைத்திலிருந்து நீங்கள் கொண்டுவந்ததையே, விமானம் நின்ற நாள்முதல் பாதியாக உடைத்து விழுங்கினேன். நீங்கள் வரும்வரை தாங்கட்டும் என்றுதான்.

இன்று முழு மாத்திரை. பால்கனியிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்: நூற்று எழுபத்தெட்டு. தெருவுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதக்காரி