மேக்கணக்கு என்று பேர் வைத்த டிஸ்க்

இன்று பின்னேரம் மகள் என் கைப்பையைக் கவிழ்த்து, உள்ளே கிடந்த ஒட்டுத்தாளை எடுத்து நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டாள். வாயில் போட்டுவிடுவாளோ என்று பதறிப் பிடுங்கினேன். உன் கையெழுத்து: மேக்கணக்கு. அவள் அழுதாள், நானும்தான்.

இரத்தினபுரியில் நீயும் நானும் வேலை பார்த்த தேயிலைத் தோட்டக் கம்பனியின் மெஷின் அறை. எல்லாத் தோட்டத்துத் தகவலும் ஒரே டிஸ்க் அலுமாரியில்; சேவர் கம்பியூட்டர்கள் கேபிள் வழியே அதைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மாறாத நீண்ட எண் ஒன்று உண்டு. வாசித்து முடிப்பதற்குள் தலை சுற்றும். அதனால் நாம்தான் பேர் வைக்க வேண்டியிருந்தது. எந்தத் தட்டு, எந்த ஓட்டை என்று இடத்தை வைத்துப் பேரிடலாம் என்றேன். நீ சிரித்தாய்.

"தட்ட மாத்துனா பேரு பொய்யாயிரும்டி. எங்கள மலை உச்சி மேக்கணக்கு டிவிஷன்லருந்து கீழ் லயத்து வீடுகளுக்கு எறக்கி எத்தன வருஷமாச்சு? இன்னும் மேக்கணக்காளுகன்னுதான கூப்புடுறாங்க."

"அப்ப அதுவும் பொய்தானே?"

"அதான் சொல்றேன். எங்க இருக்குன்னு பாக்காத. யாருக்கு வேணும்னு பாத்து வையி."

இப்படிச் சொன்ன நீயே ஒரு டிஸ்க்குக்கு மேக்கணக்கு என்று எழுதி ஒட்டினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்று இருந்தபோது ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நேற்றுக் காலை கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர், இடம் போதவில்லை என்று அந்த டிஸ்க்கில் கை வைத்தார். "மலை உச்சி டிவிஷனை மூடியாச்சே மிஸ், அழிச்சிடலாமா?" என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதே பேர் இரண்டு சேவர்களில் தெரிந்தது; எது அதைப் பயன்படுத்துகிறது என்று பிடிபடவில்லை. திறந்தால் விளங்காத கோப்புகள். அது இடத்தின் பேரா, ஆட்களின் பேரா? அழித்தால் திரும்பாது.

உன் குரல்தான் காதில்: "சந்தேகம்னா அழிக்காதடி. கேபிளக் கழட்டு. யாரு கத்துறாங்கன்னு பாரு."

அந்த டிஸ்க்கின் கேபிளை மட்டும் கழற்றினேன். பசை காய்ந்த ஒட்டுத்தாள் கையோடு வந்துவிட்டது. காலை முழுதும் யாரும் கத்தவில்லை. "பார்த்தீங்களா மிஸ்" என்றார் அவர். சாப்பாட்டுக்குப் பிறகு, அழிக்க உட்கார்ந்தார். போன் அடித்தது. தோட்ட டிஸ்பென்சரியில் கணக்கெழுதும் கிளாக்கர்.

"மிஸ், மேக்கணக்குப் புள்ளைங்களுக்குப் போட்ட ஊசி விவரம் ஒண்ணும் வர மாட்டேங்குது. நர்ஸம்மா காத்துக்கிட்டு இருக்காங்க. அம்மாமாருங்க வேற வரிசையா நிக்கிறாங்க."

ஓடிப்போய்க் கேபிளைத் திரும்பச் செருகினேன். என் மகளுக்கு எந்த ஊசி போட்டார்கள் என்றே ஒரு நாள் மறந்துபோய் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது.

அந்த ஒட்டுத்தாள் மறுபடி ஒட்டவில்லை; கைப்பையில் போட்டுக்கொண்டேன். புதிதாக ஒன்றில் 'மேக்கணக்குப் பிள்ளைகள்' என்று எழுதி ஒட்டினேன். அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அதுவும் பொய்யாகிவிடுமா? கேட்க நீ இல்லை.

என் போனில் உன் பேர் அப்படியே கிடக்கிறது. இனி யார் கூப்பிடப் போகிறார்கள், அழிக்க வேண்டியதுதானே என்கிறார் என் வீட்டுக்காரர். நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. யாருக்கு வேண்டும் என்று தெரியும்.