வேலிக்காக இன்னொரு சுற்று

பலாப்பழ வாசனை. மலையிலிருந்து யாரோ பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். சேந்தமங்கலத்து அறக்கட்டளை அலுவலகம் முழுக்க அதுதான். நீ இருந்திருந்தால் இந்நேரம் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, போன வருட ஆண்டறிக்கையை மேசையில் விரித்து, அதன்மேல் பழத்தை அறுத்திருப்பாய்.

"இதுக்காச்சும் ஒதவுதே," என்றிருப்பாய்.

நீ போன பிறகு வரும் இரண்டாவது பலாப் பருவம். உன்னைக் கொண்டுபோன காய்ச்சலைப் பற்றி எழுதப்போவதில்லை. வேலிக் கூட்டத்தைப் பற்றி மட்டும்.

அப்போது நீ அறக்கட்டளைத் தலைவியாகிச் சில மாதங்கள்தான். அதுவரை தலைவர்கள் எல்லோரும் டவுன்காரர்கள். மலைச்சனத்துக்கான அறக்கட்டளை, மலைச்சனத்தில் ஒருவர்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. சேலத்தில் ஒருவர் கேட்டார், "ஒங்க ஆளுங்களே நடத்தறீங்களா?" நீ சிரிக்காமல் சொன்னாய்: "வேற யாரோட ஆளுங்க நடத்தோணுங்க?" நாம் படித்தபோது ஹாஸ்டலில் வார்டனிடம் பேசிய அதே குரல். சிரிப்பை மறைக்க நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு ஆரோக்கியராஜ் சார் வந்தார். சேலத்து நிறுவனம் ஒன்றின் நன்கொடைகளைப் பார்த்துக்கொள்பவர். நல்ல மனிதர். அடிவாரத்தில் நம் ஊருக்கு மேலே இருக்கும் சரிவைப் பார்த்தார். தரிசு என்று முடிவு செய்தார். சுற்றிலும் கம்பி வேலி, உள்ளே மரக்கன்றுகள், வாசலில் பெயர்ப்பலகை. அந்த வருடம் நமக்கு வரவிருந்த ஒரே நன்கொடை அது. வேலி வந்தால் சாமை விதைக்க நிலம் இல்லை.

"ஊர்க்கூட்டத்துல கேட்டுருங்க சார்," என்றாய்.

வேப்பமரத்தடி. நடத்துவது நீ. எல்லோரும் தரையில். வீட்டுக்கு ஒருவர் பேச வேண்டும். கேட்டு வந்தவர் கடைசியில்தான் வாய் திறக்கலாம். அவர் நடுவில் பேசினால் சுற்று முதலிலிருந்து. கூட்டம் நடத்துபவருக்குக் கருத்தே கிடையாது. ஊர் சொன்னதை அறிவிக்கலாம், அவ்வளவுதான்.

பெரியசாமி மாமா ஆரம்பித்தார். "சார் சொன்னாச் சரிங்க."

அடுத்த வீடு. சரிங்க. அதற்கடுத்தது. நல்லதுங்க.

வந்தவர் கேட்டதை எடுத்த எடுப்பில் மறுப்பது நம்மிடம் இல்லை. ஆனால் இது சோறு அல்ல, நிலம். நீ தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை சொல்ல உனக்கு அனுமதி இல்லை. காளியம்மா வீடு மட்டும் பாக்கி.

சார் பூரித்துப்போய் எழுந்தார். கைகூப்பினார். "ரொம்ப நன்றிங்க. இப்படி ஒரு ஒத்துழைப்ப நான் எதிர்பாக்கவே இல்லீங்க."

நீ நிமிர்ந்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மொதல்ல இருந்துங்க."

"நன்றிதானுங்க சொன்னேன்?"

"வாயத் தொறந்தாச்சுங்களே சார்."

மறுபடியும் பெரியசாமி மாமா. மரியாதை ஒருமுறை செய்தாயிற்று. தொண்டையைச் செருமினார். "சரிதானுங்க. ஆனா ஆட்ட எங்கீங்க ஓட்றது?"

அடுத்த வீடு: "அது தரிசு இல்லீங்க சார். ஆறட்டும்னு போட்டிருக்குது. வார வருசம் சாமை வெதைக்கோணும்."

சார் பேச வாயெடுத்தார். பக்கத்திலிருந்தவர், "சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது, சும்மா இருங்க. இன்னொரு சுத்துன்னா பொழுது போயிரும்," என்றார். அதன்பின் சார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

கடைசியாகக் காளியம்மா. "மரம் வெக்கறதுன்னா ஓடையோரமா வெய்யுங்க. வேலி போட்டா நாங்க உள்ள இருக்கறமா வெளிய இருக்கறமான்னே தெரியாதுங்க."

சிரிப்பு அடங்கியதும் சார் கைக்குட்டையை எடுத்தார். "இப்பப் பேசலாங்களா?"

"பேசுங்க சார்."

"மொத சுத்துல எல்லாரும் சரின்னீங்களே?"

"வந்த மனுசன் கேட்டதும் இல்லேன்னா சொல்லுவாங்க?" என்றாள் காளியம்மா.

சார்தான் முதலில் சிரித்தார். வேலி வேண்டாம் என்றார். ஓடைக்கரையில் எந்த மரம் என்பதை ஊரே சொல்லட்டும் என்றார். நீ எழுந்து அறிவித்தாய், ஊர் சொன்னதை மட்டும். ஒரு சொல் கூட்டவில்லை. பிறகு என்னிடம் வந்து கையை நீட்டினாய். "தொட்டுப் பாரு." சில்லென்று இருந்தது.

இந்த வருடம் சரிவு முழுக்கச் சாமை. ஓடைக்கரையில் நாவலும் புங்கனும்.

கூட்டங்களை இப்போது நான் நடத்துகிறேன், எங்கே நடந்தாலும் நம் ஊர் முறைப்படி. எல்லோரும் சீக்கிரம் சரி என்றால் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. போன வாரம் சேலத்தில், நன்கொடையாளர்கள் நடுவே, மலைக்கான திட்டம் ஒன்றுக்குத் தேநீர் வருவதற்குள் எல்லாத் தலைகளும் ஆடிவிட்டன. நம் ஆட்கள் தலையும்தான். திட்டம் கொண்டுவந்தவர் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் இருமினார்.

"மொதல்ல இருந்துங்க," என்றேன்.