பொடி போடாத குழாய்

22 செப்டம்பர் 2025, திங்கள்

காலையில் விருந்தாளிகள். சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கிய பெரும்புள்ளி ஒருவர், அவருக்குப் பின்னால் பை தூக்க இரண்டு பேர். செம்பனை எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள். என் பேராசிரியர் டாக்டர் கணேஸ்வரன் கோட்டு மாட்டிக்கொண்டு அவர்களை ஆய்வுக்கூடத்துக்குள் அழைத்து வந்து, நீல விளக்குப் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். திரையை விலக்கி சாமி காட்டும் பூசாரிக்குக்கூட அவ்வளவு பெருமை இருக்காது. டத்தோ உடனே கண்ணை மூடிக்கொண்டார். பக்தி எல்லாம் இல்லை. அவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்க மறந்துவிட்டோம்.

விளக்கவுரை வழக்கம்போல. பாமாயிலிலிருந்து வரும் அமிலத்தில் மஞ்சள் நிற வினையூக்கிப் பொடி ஒரு சிட்டிகை. நீல வெளிச்சம் பட்டதும் பொடி விழித்துக்கொண்டு அமிலத்திடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கும். பறிகொடுத்த அமிலம் கரியமில வாயுவை உதறிவிட்டு ரேடிக்கலாக நிற்கும். ரேடிக்கலுக்குப் பொறுமை கிடையாது, பக்கத்தில் கிடைத்த மூலக்கூற்றைப் பிடித்துக்கொள்ளும். புதுப் பொருள் தயார். கொதிக்க வைக்க வேண்டாம், கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமே போதும். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் அவர் வாயால் கேட்டால் மருந்து விற்கிற மாதிரிதான் இருக்கிறது.

மாலையில் அவர்களைக் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரைக்கு மின்மினி பார்க்கக் கூட்டிப் போனார். படகில் உட்கார்ந்து, "எங்க ஆய்வுக்கு இதுதான் முன்னோடி" என்றாராம். மின்மினி வேதிவினையிலிருந்து வெளிச்சத்தை எடுக்கிறது. நாங்கள் வெளிச்சத்தைக் கொடுத்து வேதிவினையை நடத்துகிறோம். அடுப்பும் ஐஸ்பெட்டியும் ஒன்று என்று சொல்லலாம் போல. டத்தோ தலையாட்டியிருப்பார்.

25 செப்டம்பர்

அந்தப் பொடியைச் செய்கிறவன் பவனேஷ். எனக்கு ஒரு வருடம் இளையவன். நாலு வருடமாக அதே பொடி. குடுவையைப் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவன் மாதிரி. அவனுடைய ஆய்வேடு முழுக்க அந்தப் பொடிதான். பொடி போனால் அவன் பட்டமும் போச்சு.

என் ஆய்வேட்டில் ஓர் அட்டவணை மட்டும் பாக்கி. எது இல்லாவிட்டால் வினை நின்றுபோகும் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் காட்ட வேண்டும். வெளிச்சம் இல்லாமல் ஓட்டிவிட்டேன், நடக்கவில்லை. பொடி இல்லாமல்? இத்தனை வருடத்தில் ஒருவரும் ஓட்டிப் பார்த்ததில்லை! கேட்டால் கணேஸ்வரன், "பொடி இல்லாம எப்படிம்மா நடக்கும்?" என்கிறார். இது பதிலா? வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார். அப்போது இவரா எழுந்து நிற்பார்?

1 அக்டோபர், புதன்

ஆயுத பூசை. ஆய்வுக்கூடத்திலா என்று கேட்டால், ஆமாம், ஆய்வுக்கூடத்தில்தான். தராசுக்குப் பொட்டு. விளக்குப் பெட்டிக்கு மாலை. வாயு சிலிண்டருக்குத் திருநீற்றுப் பட்டை. புதிதாக வந்த காந்தத் துண்டுகளை, குழாய்க்குள் கிடந்து சுழன்று கலக்குமே அந்த வெள்ளைத் துண்டுகளை, பாக்கெட்டைப் பிரித்துத் தாம்பாளத்தில் கொட்டி, மேலே மஞ்சள் அரிசி தூவி, குழைத்த மஞ்சளையும் தெளித்தார் பேராசிரியர். முனைவர் பட்டம் வாங்கிய மனிதர். புகை கண்டறியும் கருவி சாம்பிராணிக்கு அலறியது. அது ஒன்றுதான் அங்கே அறிவோடு நடந்துகொண்டது.

பவனேஷ் சுண்டல் கொண்டுவந்திருந்தான். அதைச் சொல்ல வேண்டும், சுண்டல் நன்றாக இருந்தது.

3 அக்டோபர்

தாம்பாளத்துத் துண்டுகள் எல்லாம் மஞ்சளும் அரிசியுமாகக் கிடந்தன. இந்தக் கூத்தை ஒழுங்குபடுத்துகிற வேலை என் தலையில். சிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிட்டு அலசி, துடைத்து, டப்பாவில் போட்டேன். பிறகு யாரிடமும் சொல்லாமல் அதில் ஒரு துண்டைப் போட்டு, பொடி போடாத குழாய் ஒன்றை விளக்குப் பெட்டிக்குள் வைத்தேன்.

6 அக்டோபர், திங்கள்

நடந்திருக்கிறது!!

பொடி இல்லாமல். பொடி போட்டால் கிடைப்பதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நாலு வருடம் சமைத்து, டத்தோவை அழைத்துக் காட்டி, மின்மினியைச் சாட்சிக்குக் கூப்பிட்ட அந்தப் பொடி வேண்டவே வேண்டாம்!

9 அக்டோபர்

இன்னும் இரண்டு தடவை ஓட்டினேன். நடக்கிறது. நடக்கிறது.

13 அக்டோபர், திங்கள்

வாராந்திரக் கூட்டத்தில் முடிவைத் திரையில் போட்டுக் காட்டினேன். கணேஸ்வரனின் முகம் பார்க்கக் கண் கோடி வேண்டும். பவனேஷ் மட்டும் கையைத் தூக்கி, "அக்கா, காந்தத் துண்டு சுத்தமா இருந்துச்சா?" என்றான். கேட்பான்தான், அவனுடைய பிழைப்பு ஆயிற்றே. "சுத்தமாத்தான் இருந்துச்சு தம்பி. நீ இனிமே அந்தப் பொடியை நெத்தியில பூசிக்கோ லா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். வெகுநேரம் அடக்க முடியவில்லை.

அவன் மடிக்கணினியை மூடிக்கொண்டு எழுந்து போனான். ரோசக்காரன்.

15 அக்டோபர்

கணேஸ்வரன் தனியே கூப்பிட்டார். "மாதவி, கோவிச்சுக்காதேம்மா. அது மஞ்சளா இருக்கும். பூசைக்குப் போட்ட மஞ்சள். நீல வெளிச்சத்தை மஞ்சள்தானே விழுங்கும்? நம்ம பொடியும் மஞ்சள்தானே?"

எப்படி இருக்கிறது கதை! அவர் நம்பிய பொடி தோற்றதும் அவர் வீட்டு அஞ்சறைப்பெட்டி வாதாட வந்துவிட்டது. புதுத் துண்டு வாங்கி ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார். முடியாது. இது ஆய்வுக்கூடம், நான் சாம்பார் பொடிக்கெல்லாம் சோதனை வைக்க மாட்டேன். இன்றைக்கு மஞ்சளைச் சோதித்தால் நாளைக்குக் குங்குமம், அதற்கு மறுநாள் சாம்பிராணி.

20 அக்டோபர். தீபாவளி.

சேதுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்டேட்டில் லோரிகளை மேய்க்கிற என் புருஷன் முறுக்கைக் கடித்துக்கொண்டே முழுக்கக் கேட்டுவிட்டு, "ஒனக்கு யாரத்தான் புடிக்கும் மாதவி?" என்றார். பண்டிகை நாளில் சண்டை வேண்டாம் என்று இன்னொரு முறுக்கை எடுத்து நீட்டினேன்.

30 அக்டோபர்

பவனேஷ் வரவில்லை. போன வாரமும் வரவில்லையாம். அவனுடைய ஸ்டூலில் யாரோ அட்டைப்பெட்டியை ஏற்றிவைத்திருக்கிறார்கள்.

10 நவம்பர், திங்கள்

தெரிந்துவிட்டது. படிப்பை நிறுத்திவிட்டு ரவாங்கில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டானாம். தரக் கட்டுப்பாடு. கணேஸ்வரன் என்னைப் பார்க்காமலே சொன்னார். நல்லதுதான். டின்னைத் திறந்து நிறம் பார்க்கிற வேலைக்கு அவன் நிதானம் பொருந்தும். நான் என்ன அவனைத் துரத்தியா விட்டேன்? உண்மையைச் சொன்னேன். உண்மை தாங்க முடியாதவனுக்கு எதற்கு ஆய்வு?

14 நவம்பர்

என் பெயரை முதலில் போட்டுக் கட்டுரை எழுதி முடித்தேன். தலைப்பில் 'வினையூக்கியின்றி' என்று போட்டிருக்கிறேன். கணேஸ்வரன் படித்துவிட்டு மறுபடியும், "அந்த மஞ்சளை மட்டும் ஒரு தடவை..." என்று இழுத்தார். சரி, இந்த மனிதர் வாயை அடைக்கவாவது ஓட்டித் தொலைக்கலாம். புதுத் துண்டு, புதுக் குழாய். மஞ்சளைப் பார்க்காத, பூவைப் பார்க்காத, பக்தியே தெரியாத துண்டு.

17 நவம்பர், திங்கள்

ஒன்றுமில்லை.

18 நவம்பர்

காற்று புகுந்திருக்கும். குழாயின் ரப்பர் மூடி சரியில்லை.

20 நவம்பர்

காற்று புகவில்லை. விளக்கும் சரியாக இருக்கிறது. ஒன்றுமில்லை. பூசையில் இருந்த பழைய துண்டைப் போட்டால் நடக்கிறது. புதுத் துண்டைப் போட்டால் அமிலம் போட்டபடியே கிடக்கிறது, என்னைப் பார்த்துக்கொண்டு.

21 நவம்பர்

பழைய துண்டு ஒன்றை அசிட்டோனில் ஊறப்போட்டேன். கொஞ்ச நேரத்தில் அசிட்டோன் இளமஞ்சளானது. நீல விளக்கின் அடியில் பிடித்தேன். பச்சையாக மின்னியது. மஞ்சள்தான். அந்தத் தாம்பாளத்தில் வேறு எதுவும் அப்படி மின்னாது.

தண்ணியில அலசுனேன். தண்ணியில! மஞ்சள் தண்ணியில கரையாதுன்னு எனக்குத் தெரியாதா? எட்டு வருஷம் கெமிஸ்ட்ரி படிச்சவ. அசிட்டோன் பாட்டில் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. பூசைக்காரங்க குப்பை, இதுக்கு இது போதும்னு நினைச்சேன். அவ்வளவுதான் நடந்தது. பூசை போட்டவர் பேரில் தப்பில்லை. கழுவினவள் நான்.

22 நவம்பர், சனி

இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கட்டுரை அப்படியே போகலாம். பழைய துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டால் முடிந்தது. பிறகு யாராவது ஓட்டிப் பார்த்து நடக்கவில்லை என்றால், கைராசி இல்லாதவன் என்று அவனைச் சொல்லிவிடலாம். இந்தத் துறையில் தினமும் நடக்கிறதுதானே. விளக்கு வேறு, குழாய் வேறு, ஊர் வேறு என்று சொல்லித் தப்பித்த எத்தனை பேரை இதே பக்கங்களில் திட்டியிருக்கிறேன்!

சீ.

24 நவம்பர், திங்கள்

கணேஸ்வரனிடம் சொன்னேன். துண்டு, அசிட்டோன், எல்லாம். அவர் கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நான் சொன்னேனே என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "பவனேஷுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "நான் சொன்னா நல்லா இருக்காது. நீ போய்ச் சொல்லும்மா."

இந்த மனிதரை வெறுப்பது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது.

29 நவம்பர், சனி

ரவாங் போனேன். தொழிற்சாலைக்கு எதிரில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடை. சட்டைப் பையில் கம்பெனிப் பெயர் தைத்திருந்தது, அவன் கொஞ்சம் சதை போட்டிருந்தான். தே தாரிக் டீ வந்ததும் நேரே சொல்லிவிட்டேன். பொடி இல்லாமல் நடக்காது, நடத்தியது மஞ்சள், தண்ணீரில் கழுவியது நான், உன் வேலையில் பிழை இல்லை, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன், திரும்பி வா.

அவன் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டான். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. பூசை முடிஞ்சு நீங்க சிங்க்ல அலசுனதப் பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. அந்த நேரத்திலும் கோபம்! "அப்ப ஏன் கூட்டத்துல சொல்லல?"

"கேட்டேன்லா. சுத்தமா இருந்துச்சான்னு."

கேட்டான்தான். இந்த விஷயத்துக்காகவா நாலு வருடத்தை விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டேன்.

"இல்லக்கா. நீங்க தப்பாச் சொன்னீங்கன்னு நான் விட்டுட்டு வரல. தப்பு எப்பவும் திருத்திரலாம். நீங்க சிரிச்சீங்க. சேந்து எல்லாரும் சிரிச்சாங்க. இன்னும் ஒரு வருஷம் அந்த ரூமுக்குள்ள எப்படிப் போறதுன்னு யோசிச்சேன். முடியாதுன்னு தோணுச்சு." பிறகு அவனாகவே, "இங்க யாரும் யாரையும் பாத்துச் சிரிக்கிறதில்ல. டைம் இல்ல" என்றான்.

திரும்பி வருவாயா என்று மறுபடியும் கேட்டேன். மணியைப் பார்த்தான், ஷிப்டுக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டான். நான் பாத்தாங் பெர்ஜுந்தை வழியாக வந்தேன். வழி நெடுகச் செம்பனை. அழுதேன். எழுதிவைக்கிறேன், அழுதேன்.

1 டிசம்பர், திங்கள்

கூட்டத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

18 டிசம்பர்

கட்டுரையைக் கிழித்தாயிற்று. மஞ்சள் செய்தி எப்படியோ வெளியே கசிந்து, 'முன்னோர் அன்றே அறிந்த அறிவியல்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சேதுவின் கைப்பேசிக்கே மூன்று குழுக்களிலிருந்து வந்தது. முன்னோர் இல்லை ஐயா, கழுவத் தெரியாத ஒருத்தி. யாரிடம் போய்ச் சொல்ல?

என் அட்டவணைக்கும் மற்ற வினைகளை மறுபடி ஓட்டுவதற்கும் பொடி வேண்டும். புட்டியில் அடிமட்டம்தான் இருக்கிறது. வேறு யாருக்கும் செய்யத் தெரியாது. அவன் எழுதிவைத்த செய்முறையைப் பார்த்து நானே செய்யப் போகிறேன். இதில் என்ன இருக்கிறது?

9 ஜனவரி 2026, வெள்ளி

மறுபடியும் கெட்டுப்போய்விட்டது. மஞ்சளாகப் படிய வேண்டியது பழுப்பாகக் குழைந்து குடுவையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அவன் எழுதியதில் ஒரு வரி விடாமல்தான் செய்தேன்.

மதியம் அட்டைப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவன் ஸ்டூலில் உட்கார்ந்து அவனுக்குப் போன் அடித்தேன். எடுக்க மாட்டான் என்று நினைத்தேன். எடுத்தான்.

"பவனேஷ், கடைசிக் கட்டம் வர மாட்டேங்குது."

"என்ன கலர்ல இருக்கு?"

"புளி கரைச்ச மாதிரி."

சிரித்தான். சும்மா இல்லை, பக்கத்தில் இருந்தவர்கள் என்ன என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தான். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவன் சிரித்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"ஐஸ்ல வச்சுப் பக்கத்துலயே இருந்தீங்களா அக்கா, இல்ல விட்டுட்டு வேற வேலைக்குப் போயிட்டீங்களா?"

போய்விட்டேன் என்று சொன்னேன்.

"சரி. நாளைக்கு எனக்கு லீவு. அதத் தொடாம அப்படியே வைங்க, வந்து பாக்குறேன்" என்றான்.