மரித்தோர் பட்டியலில் அப்பா

ஹீலோ, ஹவாய்
2.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தொலைபேசியில் என் இலக்கத்தைக் கண்டால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் கடிதம். பன்னிரண்டு வயதோடு விட்ட தமிழ் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூலையில் என் கணவர் கிமோவின் ஆட்கள் நடத்தும் குடும்ப முகாமுக்கு மூவரும் போகிறோம். ஒரு கிழமைக்கு ஹவாய் மொழி தவிர வேறு பேச்சில்லை. சேம்பங்கிழங்கு இடிப்பது, வலை வீசுவது எல்லாம் அந்த மொழியில்தான். முதல் நாள் ஒவ்வொரு குடும்பமும் வாசலில் நின்று முன்னோரின் பெயர்களைச் சொன்ன பிறகே உள்ளே போகலாம். கிமோவுக்கு ஒன்பது தலைமுறை தெரியும். எனக்கு உங்களையும் செத்துப்போன அம்மாவையும் விட்டால் ஒருவரையும் தெரியாது. உங்கள் பேத்தி மாலியாவுக்கு ஆறு வயது. பக்கத்தில் நின்று கேட்கப்போகிறாள். பெயர்களை எழுதி அனுப்புங்களப்பா.

என் கல்யாணத்துக்கு நீங்கள் வராத கோபத்தை நான் விட்டுவிட்டேன். உங்கள் கோபம்?

உங்கள் மகள்
ஷெரோன்

லாசால், மொன்றியல்
17.6.2024

அன்பு மகளுக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. கையால் எழுதிய உறை எனக்கு வருவதில்லை என்பதால், உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரருடையது என்று நினைத்து அவர் கதவடியில் வைத்துவிட்டேன். அவர்தான் திருப்பித் தந்தார்.

நவம்பரில் மரித்தோர் பூசைக்குக் கோயிலில் கொடுக்கும் பட்டியல் என்னிடம் இருக்கிறது. எங்கள் ஊர் பேசாலையில் வாழ்ந்த என் பூட்டன் வரைக்கும் அதில் உண்டு. திருப்பி எழுதினால் பெயர் தவறிப்போகும். கீழே டெப்பனர் கடையில் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

கோபத்தைப் பற்றிப் பேந்து எழுதுகிறேன். பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார். அங்கே குளிர் இல்லையாம், என்றாலும் சொல்கிறேன்.

அப்பா

ஹீலோ
28.7.2024

அப்பா,

அந்தப் பட்டியலின் கடைசியில் உங்கள் பெயரும் இருந்தது. மற்றவர்களுக்குப் போட்டதுபோல அதற்கு முன்னாலும் சிலுவை. நான் அவசரத்தில் யோசிக்காமல் ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதிக் கிமோவிடம் கொடுத்துவிட்டேன். உங்களை ‘அப்பா’ என்று மட்டுமே தெரிந்த அவர், சிலுவை உள்ளவர்களை எல்லாம் இறந்தவர்களாக வாசித்தார். ‘தேவதாசன்’ என்றதும் நூறு பேர் தலை குனிந்தார்கள்.

“அம்மப்பா எப்ப செத்தவர்?” என்று மாலியா தமிழிலேயே கேட்டாள். முகாமின் சட்டமெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று அந்த மொழியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு கிழவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். உயிரோடு இருக்கிற உங்களுக்காகத்தான் அழுதேன்.

ஏனப்பா அந்தச் சிலுவை?

முகாமில் உயிரோடு இருப்பவரின் பெயரைக் கூப்பிட்டால் அவரேதான் பதில் சொல்ல வேண்டும். அடுத்த யூலையில் உங்களுக்காக நான் பதில் சொல்லமாட்டேன். நீங்கள் தமிழில் சொன்னால் போதுமா என்று கேட்டேன். போதுமாம்.

ஷெரோன்

லாசால்
15.8.2024

அன்பு மகளுக்கு,

உன்னை அழவைத்துவிட்டேன். அதை முதலில் மன்னித்துவிடு.

அம்மா போன அடுத்த நவம்பரில், எனக்குப் பிறகு என் பெயரை யார் கோயிலில் கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். நானே எழுதிச் சேர்த்துவிட்டேன். ஐந்து வருடமாக எனக்கும் பூசை நடக்கிறது. பிரதி எடுக்கும்போது அது நினைவிலேயே இல்லை. பழகிப்போய்விட்டது.

கோபம் எப்போதோ போய்விட்டது, மகள். உன் கல்யாணத்துக்கு வராத வெட்கம்தான் போகவில்லை. அதனால்தான் தொலைபேசியை எடுப்பதில்லை.

என் பெயரை அழிக்கப் பார்த்தேன், கடதாசி கிழிந்துவிட்டது. புதிதாக எழுதியிருக்கிறேன். அதில் நான் இல்லை. கடவுச்சீட்டு முடிந்து நாலு வருடம். திங்கட்கிழமை படம் எடுக்கப் போகிறேன்.

நேற்றுக் குசினியில் நின்று என் பெயரை நானே உரத்துக் கூப்பிட்டேன். “இஞ்சை இருக்கிறன்” என்று பதில் சொல்லிப் பார்த்தேன். முதல் இரண்டு தரமும் குரல் வரவில்லை. மூன்றாம் தரம் வந்தது.

அப்பா